குழாய் எரிவாயு வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பு வடசென்னையில் இருக்கிறது, 48 வீடுகள். குழாய் எரிவாயு இணைப்பு வேண்டுவோர் பெயர் கொடுக்கலாம் என்று லிஃப்ட் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினோம். சங்கச் செயலாளர் நான் என்பதால் அன்றிலிருந்து மாடிப்படியில், வாட்ஸாப்பில், காய்கறி வண்டி பக்கத்தில் என்று எங்கே நின்றாலும் கேள்விகள்தான். எனக்குச் சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம், அங்கிருந்து வருகிற கேள்விகள் வேறு மாதிரி, இன்னும் கடினமானவை. ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்வதற்குப் பதில் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன். எரிவாயு நிறுவனம் எதோடும் எனக்குத் தொடர்பு இல்லை. படித்தது, விசாரித்தது, கணக்குப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான்.

சிலிண்டர்ல வர்ற அதே கேஸ்தானே சார், குழாய்ல வருது?

இல்லை, இரண்டும் வேறு. சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. கொஞ்சம் அழுத்தினாலே திரவமாகிவிடும், அதனால்தான் சிலிண்டரைத் தூக்கி ஆட்டினால் உள்ளே தண்ணீர் மாதிரி அலைகிறது. குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். சாண எரிவாயுக் கலனில் உண்டாவதும், சேற்றைக் காலால் கிளறினால் குமிழியாக வருவதும் இதே மீத்தேன்தான். நம் ஊர் வெயிலில் அதை எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது, அதனால் சிலிண்டரில் அடைத்து வீடு வீடாகப் போடுவது கட்டுப்படியாகாது.

பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். வீட்டுக் குழாயில் வந்தால் பிஎன்ஜி. 200 பார் அழுத்தத்தில் அடைத்து வண்டியில் போட்டால் சிஎன்ஜி. மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரவைத்துத் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றினால் எல்என்ஜி. மூன்றும் ஒரே சரக்கு. எல்பிஜி என்பது மட்டும் நம் சிலிண்டர்.

எங்கிருந்து வருது இது? நம்ம நாட்டுலயே கிடைக்கிறதுன்னு சொன்னாங்களே?

பாதி உண்மை. இந்தியாவில் செலவாகும் இயற்கை எரிவாயுவில் ஏறக்குறைய பாதி இங்கே கிடைப்பது: மும்பைக்கு மேற்கே கடலில், ஆந்திராவின் கிருஷ்ணா கோதாவரிப் படுகையில், அஸ்ஸாமில், திரிபுராவில், கொஞ்சம் நம் காவிரிப் படுகையில். மீதிப் பாதி கப்பலில் வருகிறது, அதில் முதலிடம் கத்தாருக்கு. சென்னைக்கு வாசல் எண்ணூர். அங்கே காமராஜர் துறைமுகத்தில் ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளக்கூடிய எல்என்ஜி முனையம் 2019 மார்ச்சில் திறக்கப்பட்டது. கப்பலில் வந்த திரவத்தைச் சூடேற்றி மறுபடி வாயுவாக்கி (600 மடங்கு விரியும்) குழாயில் விடுகிறார்கள்.

வீடுகளுக்கும் வண்டிகளுக்கும் உள்நாட்டு வாயுவில் முன்னுரிமை என்பது அரசின் கொள்கை. ஆனால் உங்கள் அடுப்பில் எரிகிற வாயு கத்தார்க்காரனா அஸ்ஸாம்காரனா என்று பிரித்துச் சொல்ல முடியாது, அந்த ஒதுக்கீடு கணக்குப் புத்தகத்தில் மட்டும் நடப்பது. இன்னொன்று, வெளிநாட்டு வாயு வேண்டாம் என்று சிலிண்டரோடு இருப்பவர்களுக்கு: நம் சிலிண்டர் எரிவாயுவில் சுமார் 60 சதவீதம் இறக்குமதிதான், அதுவும் பெரும்பாலும் வளைகுடாவிலிருந்து.

வீட்டுக்குள்ள எப்பவும் குழாய்ல கேஸ் இருக்கும்னா பயமா இருக்கே. சிலிண்டராவது தீர்ந்துபோகும்.

இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன், எங்கள் பகுதியில் யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. 2023 டிசம்பரில் எண்ணூரில் கடலுக்கடியில் போன குழாயிலிருந்து அமோனியா கசிந்து, நடு ராத்திரியில் ஜனம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

ஆனால் சமையலறைக்குள் மட்டும் என்று பார்த்தால் குழாய் வாயு சிலிண்டரைவிடப் பாதுகாப்பு கூடியது. முதல் காரணம் எடை. மீத்தேன் காற்றைவிட லேசு, ஏறக்குறைய பாதி எடைதான், கசிந்தால் மேலே போய் வெளியேறும். சிலிண்டர் வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். அது தரையில் படுத்து, மேடைக்கு அடியில், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தேங்கி நிற்கும், ஃப்ரிட்ஜ் மோட்டார் ஓடத் தொடங்கும் பொறி போதும். அப்புறம், சிலிண்டர் வாயு காற்றில் 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும், மீத்தேனுக்கு 5 சதவீதம் வேண்டும். வீட்டுக் குழாயில் அழுத்தமும் குறைவு, 21 மில்லிபார்தான். சிலிண்டரில் 14.2 கிலோ சரக்கு மொத்தமாக உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

ஒரே ஒரு விஷயம் தலைகீழாக மாறுகிறது, அதைக் கவனியுங்கள். சிலிண்டருக்குக் காற்றுவழி கீழே வேண்டும், குழாய் வாயுவுக்கு மேலே வேண்டும். எங்கள் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் ஒரு வீட்டில் சமையலறையின் மேல் ஜன்னலை ஏசிக் குளிர் வெளியே போகாமல் இருக்கப் பலகை வைத்து ஆணியடித்து அடைத்திருந்தார்கள். அதைப் பிரித்தால்தான் இணைப்பு என்று பார்க்க வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள், அது சரியான முடிவு. கசிவுக் கருவி வாங்குகிறவர்கள் அதையும் கூரைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். சிலிண்டருக்கு மாட்டிய மாதிரி முழங்கால் உயரத்தில் மாட்டினால் பயனில்லை.

ஆந்திராவுல கேஸ் குழாய் வெடிச்சு ஊரே எரிஞ்சதே?

ஆமாம். 2014 ஜூன் 27 அதிகாலை, கிழக்கு கோதாவரி மாவட்டம் நகரம் என்ற ஊரில். 20 பேருக்கு மேல் இறந்தார்கள், தென்னந்தோப்புகள் கருகின. அந்தக் குழாயில் போனது ஈரம் நீக்கப்படாத வாயு. தண்ணீர் தேங்கி உள்பக்கம் அரித்துப்போயிருந்தது, கசிந்த வாயு ஊர்மேல் பரவி விடிகாலையில் தீப்பற்றியது.

அது உயர் அழுத்தத்தில் ஓடும் எஃகுக் குழாய். நம் தெருவில் வருவது மஞ்சள் நிற பாலிஎத்திலீன் குழாய், 4 பார் அளவில் ஓடும், அரிக்காது. அதற்கு எதிரி மண்வெட்டியும் பொக்லைனும்தான். மழைநீர் வடிகால், கேபிள், மெட்ரோ வாட்டர் என்று ஒரே தெருவை வருஷத்துக்கு மூன்று முறை தோண்டுகிற ஊரில் இது உண்மையான ஆபத்து. குழாய்க்கு மேலே மண்ணுக்குள் மஞ்சள் எச்சரிக்கை நாடா புதைத்திருப்பார்கள். தோண்டும்போது அது தென்பட்டால் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு, நிறுவனத்தின் அவசர எண்ணுக்குப் பேசுங்கள். அந்த எண்ணை எங்கள் காவலாளி அறைச் சுவரில் பெயின்ட்டில் எழுதியிருக்கிறோம்.

புது அடுப்பு வாங்கணுமா, பழசே போதுமா?

பழைய அடுப்பிலேயே ஓட்டலாம், ஜெட் மாற்ற வேண்டும். ஜெட் என்பது பர்னருக்கு அடியில் இருக்கும் சுண்டுவிரல் நகம் அளவு பித்தளைத் துண்டு. எங்கள் வீட்டு மேடையில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையதில் துளை ஊசி நுழைவதே கஷ்டம், புதியதில் பளிச்சென்று தெரிகிறது. மீத்தேனில் ஒரு கன அளவுக்கு உள்ள சூடு குறைவு, அழுத்தமும் குறைவு, அதனால் அதிக வாயு வெளியே வர வேண்டும். ஜெட்டை நிறுவனத்து ஆள் மாற்றட்டும், நாமே ஊசியால் துளையைப் பெரிதாக்கக் கூடாது. ஒருவர் அப்படிச் செய்து பாத்திரம் எல்லாம் கரி பிடித்தது.

ஜெட் மட்டும் மாற்றிய அடுப்பு கொஞ்சம் வாயுவை வீணடிக்கும். சுமார் 40 சதவீதச் சூடுதான் பாத்திரத்துக்குப் போகிறது என்று கணக்கிட்டு, பிஎன்ஜிக்கென்றே 55 சதவீதத் திறனுள்ள பர்னரை டேராடூன் பெட்ரோலிய ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. அடுத்து அடுப்பு வாங்கும் முறை வரும்போது பிஎன்ஜி அடுப்பாகவே வாங்குங்கள், போட்ட பணம் பில்லில் திரும்பி வரும்.

மாசம் எவ்வளவு மிச்சமாகும்? அதைச் சொல்லுங்க முதல்ல.

நான் ரூபாய் சொன்னால் அடுத்த மாதம் அது பொய்யாகிவிடும், வழியைச் சொல்கிறேன். ஒரு 14.2 கிலோ சிலிண்டரில் உள்ள சூடு, குழாய் வாயுவில் 18 முதல் 19 கன மீட்டருக்குச் சமம். சிலிண்டர் விலையை 18.5ஆல் வகுங்கள். சிலிண்டர் 900 ரூபாய் என்றால் விடை ஏறக்குறைய 48 ரூபாய் 60 காசு. குழாய் வாயுவின் விலை, வரியோடு சேர்த்து, அதைவிடக் குறைந்தால் லாபம். மானியம் வாங்குகிறவர்கள் மானியம் போக உள்ள விலையை வகுக்க வேண்டும், அப்போது பலருக்குக் கணக்கு மாறிவிடும். ஜெட் மாற்றிய பழைய அடுப்பு என்றால் இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

வைப்புத் தொகையை மட்டும் எழுத்தில் வாங்குங்கள், எது திரும்பக் கிடைக்கும் எது கிடைக்காது என்று ரசீதிலேயே இருக்கட்டும்.

விலை ஏறவே ஏறாதாமே, அரசாங்கம் உச்சவரம்பு வச்சிருக்காமே?

உச்சவரம்பு இருக்கிறது, ஆனால் அது உங்கள் பில்லுக்கு இல்லை. 2023 ஏப்ரலில் வந்த முறைப்படி, பழைய வயல்களிலிருந்து எடுக்கும் உள்நாட்டு வாயுவுக்குக் கச்சா எண்ணெய் விலையில் 10 சதவீதம் என்று விலை, குறைந்தது 4 டாலர், அதிகபட்சம் 6.5 டாலர் (எம்எம்பிடியு என்ற சூட்டு அலகு ஒன்றுக்கு). இரண்டு ஆண்டு கழித்து அந்த உச்சவரம்பு ஆண்டுக்கு கால் டாலர் ஏறும் என்றும் வைத்தார்கள். பிரச்சினை எங்கே என்றால், அந்த மலிவு வாயு குறைந்துகொண்டே வருகிறது, வயல்கள் பழையவை. 2024 கடைசியில் நகர எரிவாயு நிறுவனங்களுக்கான ஒதுக்கீட்டையே வெட்டினார்கள், வண்டிகளுக்குப் போகும் பங்கில்தான் அடி அதிகம். பற்றாக்குறையை வெளிச்சந்தையிலோ எல்என்ஜியிலோ வாங்கித்தான் நிரப்ப வேண்டும்.

எல்என்ஜி விலை எப்படித் துள்ளும் என்பதை 2022இல் பார்த்தோம். ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த பிறகு ஆசியச் சந்தையில் உடனடிச் சரக்கு அதே அலகுக்கு 50 டாலரையும் தாண்டியது. ஐரோப்பா கூடுதல் விலை கொடுத்து அள்ளிக்கொண்டது, நமக்கு வர வேண்டிய சரக்குகள் சில வரவே இல்லை. எனவே விலை ஏறாது என்று யாராவது வாசலில் நின்று சொன்னால் நம்பாதீர்கள். சிலிண்டர் விலை மட்டும் ஏறாதா என்றால், அதுவும் ஏறும்.

இதை ஏன் 'இடைக்கால எரிபொருள்'னு சொல்றாங்க? எதுக்கும் எதுக்கும் இடையில?

நிலக்கரிக்கும் சூரிய, காற்று மின்சாரத்துக்கும் இடையில். எரிக்கும்போது ஒரே அளவு சூட்டுக்கு இயற்கை எரிவாயு வெளியிடும் கரியமில வாயு நிலக்கரியைவிட சுமார் 40 சதவீதம் குறைவு. நல்ல மின் நிலையத்தில் திறனும் கூடும் என்பதால் ஒரு யூனிட் மின்சாரத்துக்குப் பாதியாகிவிடும். புகை, சாம்பல், கந்தகம் அனேகமாக இல்லை. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்ததைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். அதனால் முழுக்கப் புதுப்பிக்கும் ஆற்றலுக்குப் போகும்வரை இதை வைத்துச் சமாளிக்கலாம் என்பது வாதம். இந்திய ஆற்றலில் எரிவாயுவின் பங்கு 6 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது, 2030க்குள் 15 ஆக்குவது அரசின் இலக்கு.

வாதம் சரிதான். ஆனால் இடைக்காலம் என்றால் அதற்கு ஒரு முடிவுத் தேதி வேண்டும், அதை யாரும் எழுதி வைக்கவில்லை. என் கவலை எல்லாம் அங்கேதான், கீழே திரும்ப வருகிறேன்.

அப்போ நான் சிலிண்டரை விட்டு இதுக்கு மாறினா பூமி சூடாவது குறையுமா?

எங்கள் மொட்டைமாடிக் கூட்டத்தில் கல்லூரிப் பெண் ஒருத்தி கேட்டது. மேலே சொன்ன லாபம் நிலக்கரியோடு ஒப்பிட்டால் வருவது. நம் வீட்டில் எரிவது நிலக்கரி இல்லையே. ஒரு சிலிண்டர் எரிந்தால் சுமார் 42 கிலோ கரியமில வாயு. அதே சூட்டைக் குழாய் வாயுவில் பெற்றால் சுமார் 38 கிலோ. மிச்சம் 4 கிலோ, அவ்வளவுதான்.

அந்த 4 கிலோவையும் கசிவு தின்றுவிடலாம். எரிக்காத மீத்தேன் காற்றில் 12 ஆண்டு போலத்தான் இருக்கும், ஆனால் 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல 80 மடங்கு சூடேற்றும், 100 ஆண்டுக் கணக்கில் 30 மடங்கு. கிணற்றிலிருந்து உங்கள் அடுப்புவரை வரும் வழியில் நூற்றில் ஒரு பங்கு கசிகிறது என்று வையுங்கள். 18.5 கன மீட்டருக்கு அது 125 கிராம் மீத்தேன். 80ஆல் பெருக்கினால் 10 கிலோ. மிச்சம் பிடித்ததைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. சிலிண்டர் வாயுவும் எண்ணெய்க் கிணறுகளிலிருந்தும் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்தும்தான் வருகிறது, அங்கேயும் கசிவு உண்டு, அதனால் சிலிண்டர் சுத்தம் என்று ஆகாது. அமெரிக்காவில் அளந்து பார்த்து 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், அவர்கள் எடுக்கும் வாயுவில் 2.3 சதவீதம் கசிவதாகத் தெரிந்தது, அரசின் கணக்கைவிட மிக அதிகம். அளந்ததால் தெரிந்தது. நம் பக்கம் முதலில் அப்படி அளக்க வேண்டும்.

ஆகவே சமையலறையில் இது வசதிக்கான மாற்றம். சிலிண்டர் தூக்க வேண்டாம், புக் செய்ய வேண்டாம், பாதி சாம்பாரில் தீராது. எங்கள் நான்காவது மாடியில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு 72 வயது, அவருக்கு அது ஒன்றே போதும். பூமிக்கு நல்லது என்று சொல்லி விற்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

அப்படின்னா பேசாம எல்லாரும் இண்டக்‌ஷனுக்கு மாறிடலாமே?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், கணக்குப் போட்டுப் பார்க்கும்வரை. இண்டக்‌ஷன் அடுப்பில் 85 சதவீதச் சூடு பாத்திரத்துக்குப் போகும். ஒரு சிலிண்டர் செய்யும் வேலைக்கு 120 முதல் 140 யூனிட் வேண்டும். நம் நாட்டு மின்சாரத்தில் 70 சதவீதத்துக்கு மேல் நிலக்கரி, ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு. ஆக 85 முதல் 100 கிலோ. சிலிண்டரைப்போல இரண்டு மடங்கு!

இன்றைக்கு இதுதான் நிலவரம், நாளைக்கு இப்படி இருக்காது. ஒரு யூனிட்டுக்கான அளவு 0.3க்கு இறங்கினால் இண்டக்‌ஷன் ஜெயித்துவிடும். கூரையில் சோலார் வைத்திருப்பவர் பகல் சமையலை இண்டக்‌ஷனில் செய்தால் இன்றைக்கே ஜெயிக்கிறார். இந்த இடைவெளிதான் உண்மையில் 'இடைக்காலம்'. எரிவாயு எவ்வளவு நாள் வேண்டும் என்பதை அளக்க இதைவிட நேரான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை: கரண்ட் சுத்தமாகும்வரை.

கரண்ட் பில்லையும் பாருங்கள். மாதம் ஒரு சிலிண்டர் செலவாகும் வீடு முழுக்க இண்டக்‌ஷனுக்கு மாறினால் இரண்டு மாதக் கணக்கில் 250 யூனிட்டுக்கு மேல் கூடும். 500 யூனிட் எல்லையைத் தாண்டினால் விலை அடுக்கே மாறி, பில் எகிறிவிடும். பவர் கட் ஆனால் பட்டினி என்பது தனி.

கேஸ் அடுப்பு நுரையீரலுக்குக் கெடுதல்னு வீடியோ வருதே, உண்மையா?

பாதிக்கு மேல் உண்மை. எந்த வாயு எரிந்தாலும், சிலிண்டரோ குழாயோ, நைட்ரஜன் டை ஆக்சைடு உண்டாகும், ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு அது ஆகாது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 2022இல் வீட்டு அடுப்புகளை அளந்தபோது, அடுப்பு அணைந்திருக்கும் நேரத்தில்தான் மீத்தேன் கசிவில் முக்கால் பங்குக்கு மேல் நடப்பது தெரிந்தது. இணைப்புகள் வழியே மெல்ல மெல்ல. விறகடுப்புப் புகையோடு ஒப்பிட்டால் இரண்டும் சொர்க்கம், அதையும் சொல்ல வேண்டும். தாளிக்கும்போது மட்டும் இல்லாமல் அடுப்பு எரியும்போதெல்லாம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும், இரவு படுக்கும் முன் அடுப்புக்கு முந்தைய வால்வை மூடுங்கள்.

தம்பி, இங்க மீத்தேன் எடுக்கக் கூடாதுன்னு நாங்க ரோட்டுல உக்காந்தோம். நீ அங்க மீத்தேன்ல சமைக்கிறியா?

சித்தப்பா போனில் கேட்டது. ஒரு நிமிஷம் எனக்குப் பதில் வரவில்லை. அவர் வயலுக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் ஒரு பழைய எண்ணெய்க் கிணறு. சின்ன வயதில் ராத்திரி களத்துமேட்டில் படுத்திருந்தால் அங்கே வாயுவை எரிக்கும் சுடர் தெரியும், அந்தப் பக்கம் வானமே செம்மண் நிறமாக இருக்கும்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், சென்னையில் பலருக்குத் தெரியவில்லை. 2010இல் மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்க ஒரு தனியார் நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தார்கள். அந்த வகையில் வாயு வெளியே வர வேண்டும் என்றால் முதலில் நிலக்கரி அடுக்கில் இருக்கும் தண்ணீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். காவிரியில் தண்ணீர் வராத வருஷம் போர்வெல்லை நம்பிப் பயிர் செய்கிற ஊரில் இதை எப்படி ஏற்பார்கள்? நம்மாழ்வார் ஐயா இதற்காக ஊர் ஊராகப் பிரசாரம் செய்துகொண்டிருந்தபோதுதான், 2013 டிசம்பர் 30 அன்று, பட்டுக்கோட்டை அருகே பிச்சினிக்காட்டில் காலமானார். 2015இல் மாநில அரசு அந்தத் திட்டத்துக்குத் தடை சொன்னது. 2017இல் நெடுவாசல், கதிராமங்கலம் போராட்டங்கள். 2020 பிப்ரவரியில் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. புதுக் கிணறுகளுக்குத்தான் அது தடை, ஏற்கெனவே ஓடுபவை ஓடுகின்றன. அந்த வாயுவில்தான் திருமாக்கோட்டை, குத்தாலம் மின் நிலையங்கள் இயங்குகின்றன.

சித்தப்பாவுக்கு நான் சொன்னது இது. மீத்தேன் என்ற பொருளோடு நமக்குச் சண்டை இல்லை, அதை எங்கே தோண்டுகிறார்கள், யார் தண்ணீர் போகிறது, யாரைக் கேட்டார்கள் என்பதில்தான் சண்டை. ஆனால் அவர் கேள்வியில் உள்ள நியாயத்தை நான் தள்ளமாட்டேன். கத்தார் வாயு மலிவு இல்லை என்ற நாள் வரும்போது, "நகரத்தில் இத்தனை லட்சம் அடுப்பு எரிகிறதே, உள்நாட்டிலேயே தோண்டினால் என்ன" என்று கேட்பார்கள். என் அடுப்பைக் காட்டி அவர் வயலைக் கேட்க விடக் கூடாது. இணைப்பு வாங்குகிற ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

கொங்குப் பக்கமும் விவசாயிங்க குழாயை எதிர்த்தாங்களே, அது என்ன?

அது தோண்டுவது பற்றியது இல்லை, கொண்டுபோவது பற்றியது. கொச்சியிலிருந்து பெங்களூர் போகும் குழாய் கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்களில் சுமார் 310 கிலோமீட்டர் வயல் வழியாகப் போவதாக இருந்தது. நிலம் விவசாயி பெயரிலேயே இருக்கும், ஆனால் குழாய்ப் பாதையில் மரம் வைக்கக் கூடாது, வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது. தென்னை வைத்திருப்பவருக்கு இது நிலம் போனதற்குச் சமம். நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்று 2013இல் தமிழக அரசு சொன்னது. வழக்கு நடந்து, 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தக் குழாயைப் போடும் கெயில் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மேலே நகரம் ஊர்க் கதையைப் படித்தவர்களுக்கு அந்த விவசாயிகளின் பயம் புரியும்.

கரண்டுக்கு நிலக்கரியை விட்டுட்டு இதை எரிச்சா எல்லாம் சரியாயிடுமே?

நிலையங்கள் இருக்கின்றன, வாயுதான் கட்டுப்படியாகவில்லை. 2024இல் நாட்டில் ஏறக்குறைய 25,000 மெகாவாட் எரிவாயு மின் நிலையங்கள் இருந்தன, பெரும்பாலான நாட்கள் சும்மா நின்றன. அந்தக் கோடையில் தேவை எகிறியபோது மே, ஜூன் இரண்டு மாதமும் ஓட்டத் தயாராக இருங்கள் என்று மத்திய அரசு உத்தரவே போட வேண்டியிருந்தது.

அந்த உத்தரவிலேயே அதன் சரியான இடம் தெரிகிறது. சூரியன் இறங்கிய பிறகு எல்லா வீட்டிலும் ஏசி போடும் இரண்டு மூன்று மணி நேரம், முப்பந்தலில் காற்று படுத்துவிட்ட மாதங்கள். எரிவாயு நிலையத்தைச் சீக்கிரம் ஏற்றலாம், இறக்கலாம், நிலக்கரி நிலையம் அதற்கு மெதுவு. ஆனால் அந்த வேலைக்குப் போட்டியாக பேட்டரியும் காடம்பாறை மாதிரி தண்ணீரை மேலேற்றி வைக்கும் நிலையங்களும் இருக்கின்றன. உரம்தான் வேறு கதை. யூரியாவுக்கு இயற்கை எரிவாயு எரிபொருள் மட்டும் இல்லை, மூலப்பொருளும் அதுவே. மணலி உரத் தொழிற்சாலை 2019இல் நாப்தாவை (கச்சா எண்ணெயிலிருந்து பிரிக்கும் திரவம்) விட்டு இதற்கு மாறியது. இருக்கிற வாயுவை யாருக்கு முதலில் கொடுப்பது என்றால் நான் அடுப்பையும் உரத்தையும் சொல்வேன்.

என் ஆட்டோவுக்கு சிஎன்ஜி போடலாமா அண்ணே?

பங்க்கில் வரிசை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஒரு வாரம் பார்த்துவிட்டுப் போடுங்கள். டீசலோடு ஒப்பிட்டால் புகை மிகக் குறைவு, டெல்லியில் உச்ச நீதிமன்றம் 1998இல் உத்தரவிட்டு 2002 முடிவில் பேருந்துகள் எல்லாம் மாறின. ஆனால் இப்போது புது ஆட்டோவே வாங்குவதாக இருந்தால் மின்சார ஆட்டோவையும் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். விலை விஷயத்தில் வீடுகளைவிட வண்டிகளுக்குத்தான் முதலில் அடி விழும், மேலே ஒதுக்கீடு பற்றிச் சொன்னதைப் பாருங்கள்.

சாண எரிவாயு, குப்பை எரிவாயுவை இதே குழாய்ல விட முடியாதா?

முடியும், எனக்கு இதில் அதிக நம்பிக்கை உண்டு. கரியமில வாயுவையும் கந்தகத்தையும் பிரித்தெடுத்துவிட்டால் மீதி அதே மீத்தேன்தான், அடுப்புக்கு வித்தியாசம் தெரியாது. நகர எரிவாயுவில் 2025-26இல் 1 சதவீதம், 2028-29 முதல் 5 சதவீதம் இப்படிப்பட்ட வாயு கலக்க வேண்டும் என்று மத்திய அரசு முடிவு செய்திருக்கிறது. அளவு சின்னதுதான், ஆனால் குப்பைமேட்டில் சும்மா வெளியேறி வானத்தைச் சூடாக்குகிற மீத்தேனைப் பிடித்து எரிப்பது இரட்டை லாபம். கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

இவ்வளவு காசு போட்டுக் குழாய் புதைச்சுட்டு, இடைக்காலம் முடிஞ்சுதுன்னு மூடுவாங்களா?

கேள்விகளிலேயே கடினமானது இதுதான், கேட்டவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். தானாக மூட மாட்டார்கள். மஞ்சள் குழாயின் ஆயுள் 50 ஆண்டு என்று வைத்து வடிவமைக்கிறார்கள். கத்தாரோடு 2024இல் நீட்டித்த எல்என்ஜி ஒப்பந்தம் 2048 வரை. போட்ட முதலைத் திரும்ப எடுக்க ஒவ்வொரு ஆண்டும் இணைப்பைக் கூட்ட வேண்டும் என்பதுதான் இந்த வியாபாரத்தின் இயல்பு.

மூடிய ஊரும் இருக்கிறது. நெதர்லாந்தில் 1959இல் குரோனிங்கனில் பெரிய எரிவாயு வயல் கிடைத்து, சில ஆண்டுகளில் அனேகமாக எல்லா வீட்டுக்கும் குழாய் போட்டார்கள். சொந்த வாயு, மலிவு வாயு. எடுக்க எடுக்க நிலம் அமுங்கி நடுக்கம் வந்தது. 2012இல் ஹைசிங்கா என்ற கிராமத்தில் 3.6 அளவு நிலநடுக்கம், சுவர்கள் விரிசல் விட்டன. 2018 ஜூலை முதல் புது வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு கிடையாது என்று சட்டம் போட்டார்கள், 2024இல் அந்த வயலை நிரந்தரமாக மூடினார்கள். பழைய வீடுகளை மின்சாரத்துக்கு மாற்றும் செலவை யார் ஏற்பது என்ற இழுபறி அதற்குப் பிறகும் ஓயவில்லை. நாம் குழாயே இப்போதுதான் போடுகிறோம், அந்தச் செலவை இப்போதே யோசிக்கலாம். புதிதாகக் கட்டும் குடியிருப்புகளில் குழாய்க்கு இடம் விடும்போதே சமையலறைக்குத் தனி மின் இணைப்பும் இழுத்துவிட்டால் பின்னால் சுவரை உடைக்க வேண்டாம்.

எல்லாம் சரி, நீங்க வாங்கினீங்களா இல்லையா?

வாங்கினேன். சிலிண்டர் தூக்கி முதுகு பிடித்துக்கொண்ட வீடு என்னுடையது. மீட்டர் ஓடத் தொடங்கிய அன்று சோப்பு நுரையை ஒவ்வொரு இணைப்பிலும் பிரஷ்ஷால் தடவிப் பார்த்தேன், மீட்டருக்கு அடுத்த முழங்கை வளைவில் ஒரே இடத்தில் கடுகு அளவு குமிழி மெல்ல ஊதிக்கொண்டு வந்தது. மூக்குக்கு வாசனை தெரியவே இல்லை. ஆளைக் கூப்பிட்டு இறுக்கச் சொல்லி மறுபடி தடவிப் பார்த்த பிறகுதான் பால் காய்ச்சினோம். நீங்களும் தடவிப் பாருங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை.

அதே வாரம் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மேடைக்கு மேலே ஒரு 16 ஆம்பியர் ப்ளக்கும் போட்டுக்கொண்டேன். இண்டக்‌ஷன் ஒன்று இருக்கிறது, இப்போதைக்கு வெந்நீருக்கும் குக்கருக்கும் மட்டும். மொட்டைமாடியில் சோலார் போடுவது பற்றி அடுத்த பொதுக்குழுவில் பேச வேண்டும். இதுவரை 48 வீட்டில் 31 பேர் படிவம் கொடுத்திருக்கிறார்கள், மீதிப் பேருக்கு மாதக் கடைசிவரை நேரம் இருக்கிறது.